அறியா வினா

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, விருத்தாசலத்தினின்று கடலூர் செல்லும் பெருஞ்சாலையில் மந்தாரக்குப்பத்துத் தேநீர்க் கடையொன்றிற் சிறிது நேரம் தங்க நேர்ந்தது. நெய்வேலிச் சுரங்கங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் ஒப்பந்த வேலைக்கென வடநாட்டினின்று வந்துள்ள இளைஞர் பலர் அங்குக் கூடியிருந்தனர். அவருள் ஒருவன் தமிழ்நாட்டுக்கு வந்து இரண்டு திங்கள்கூட நிரம்பவில்லை என்று கடைக்காரர் சொன்னார். அவனோ, "அண்ணா, எவ்ளோ?" என்று விலை கேட்டான், "வடலூர் பஸ் எப்போ?" என்று வண்டி விசாரித்தான், கண்ணாடிப் பெட்டியிலிருந்த அதிரசத்தைச் சுட்டி, "இது என்னா?" என்றான். வேற்றுமை உருபு ஒன்றும் அவன் அறியான். வினைமுற்றுகள் அவன் வாயில் நொண்டின. ஆயினும் தேநீர் கிடைத்தது. வண்டி நேரம் தெரிந்தது. அதிரசம் என்ற புதிய சொல்லும் அவன் மடியில் விழுந்தது.

அக்கடையிலேயே எம்முடன் இருந்தவர் நமது கலாசாலையிற் பட்டம் பெற்ற ஓர் இளைஞர். பொறியியலில் மேற்படிப்புக் கருதி அவ்வாண்டு செப்டம்பரில் இத்தாலி நாட்டு மிலானோ நகருக்குப் புறப்பட இருந்தவர். ஆறு திங்களாக இத்தாலிய மொழியை நூல் வைத்துப் பயின்று வந்தார். விளையாட்டாக யாம், "தம்பி, இத்தேநீரின் விலையை இத்தாலிய மொழியிற் கேளும், பார்ப்போம்" என்றோம். அவர் சற்றே தயங்கி, 'இருத்தல்' என்னும் வினையின் நிகழ்கால வாய்பாட்டைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என ஒருமை பன்மைகளோடு ஒப்பித்தார். பிழையொன்றும் இல்லை. எதிர்காலத்தையும் ஒப்பிக்கத் தொடங்கியபோது யாமே தடுத்தோம். விலை கேட்க இரண்டே சொற்கள் வேண்டும், 'குவாந்தோ கோஸ்தா?' என்பவை அவை. அவ்விரண்டும் அவர் நூலின் பதினெட்டாம் பாடத்தில் இருந்தனவாம். அவர் பதினைந்தாம் பாடம் வரை வந்திருந்தார்.

இதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை. அவரை அவ்வாறு பயிற்றியவர் நாமே என்னும் எண்ணம் அன்று தொட்டு எம்மை விட்டகலாமையின், இவ்வாண்டு மலரில் அதனைக் குறித்துச் சில சொல்லத் துணிந்தோம்.

பவணந்தி முனிவர் தம் நன்னூலிலே வினாவை ஆறாக வகுத்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. தான் அறிந்திருந்தே பிறன் அறிவை ஆராயக் கேட்பது அறிவினா. அறியாதவன் அறிதற்பொருட்டுக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ எனத் துணியமாட்டாது கேட்பது ஐயவினா. கடைக்காரரிடம் பொருள் கொள்ளக் கேட்பது கொளல்வினா. பிறர்க்கு ஒன்று கொடுக்கக் கேட்பது கொடைவினா. ஒரு செயலைச் செய்விக்கக் கேட்பது ஏவல்வினா. இப்பகுப்பை நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வெழுதிய மறுநாளே மறந்துவிடுகிறோம். ஆனால் ஒரு புதிய மொழியினுள் நுழைவானுக்கு இதைவிடச் சிறந்த வரைபடம் எம் அறிவுக்கு எட்டியவரை வேறில்லை. இத்தாலியத்திலே பொருத்திப் பாருங்கள். நிலையம் எங்கே என்னும் 'தொவே லா ஸ்தாத்ஸியோனே?' அறியாவினா. இவ்வண்டி மிலானோ செல்வதோ, தொரீனோ செல்வதோ என நடைமேடையில் நின்று மயங்குவது ஐயவினா. ரொட்டிக் கடையில், ரொட்டி இருக்கிறதா என்னும் 'ச்சே இல் பானே?' கொளல்வினா. விருந்தினரை நோக்கி, ஒரு காப்பி அருந்துகிறீர்களா என்னும் 'வுவோலே உன் கஃப்பே?' கொடைவினா. உணவு மேசையில் 'மி பாஸ்ஸா இல் ஸாலே?' என்பது, சொல்லளவில், உப்பை எனக்குக் கடத்துகிறீர்களா என்னும் வினாவேயாயினும், பொருளளவில் உப்பைத் தாருங்கள் என்னும் ஏவல். பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்று கருதப்படும் ஓர் ஆசிரியர் வகுத்த அறைகளுள் மிலானோ நகரத்து உப்புக் கிண்ணமும் இடம் தேடாமல் அமர்கின்றது.

எஞ்சியது அறிவினா. அதுவே நம் வகுப்பறைகளின் பெருங்குறை. ஆசிரியன் விடையை அறிந்தவன், அறிந்ததையே கேட்கிறான், மாணாக்கன் விடையிறுக்கிறான், அதற்கு மதிப்பெண் இடப்படுகிறது. தொடக்கப் பள்ளி முதல் பட்டத் தேர்வு வரை பதினைந்து ஆண்டுகள் ஆங்கிலம் பயிலும் நம் பிள்ளை, அம்மொழியிலே பல்லாயிரம் விடைகள் எழுதியிருப்பான். அவன் தானே உண்மையிலே அறியாத ஒன்றை, அறிய வேண்டி, அம்மொழியிற் கேட்ட வினாக்கள் எத்தனை? பலர்க்கு ஒன்றும் இராது. விடை சொல்லவே பழகிய நா வினாவ வேண்டிய இடத்தில் உலர்ந்துபோகிறது. கேட்டால் அறியாமை வெளிப்படுமே என்னும் நாணம் வேறு. தேநீர்க் கடை இளைஞனுக்கு அந்நாணம் இல்லை. அவனை யாரும் அறிவினாவால் அடித்து வளர்க்கவில்லை போலும்.

"இத்தாலியம் எவர்க்கு வேண்டும்? ஆங்கிலம் போதாதோ?" என்று கேட்பார் உளர். இன்று இத்தாலியப் பல்கலைக்கழகங்கள் பல ஆங்கில வழியிலே மேற்படிப்பு நடத்துகின்றன, கட்டணமும் பிற மேனாடுகளை நோக்கக் குறைவு, உதவித்தொகைகளும் உண்டு. ஆகவே நம் மாணாக்கர் சிலர் ஆங்கிலமே போதுமென்று நம்பிச் செல்கின்றனர். வகுப்பறைக்குள் அது போதுந்தான். வகுப்பறைக்கு வெளியே வீட்டுக்காரர் இருக்கிறார், மருந்துக் கடை இருக்கிறது, அஞ்சலகம் இருக்கிறது. நெடுநாள் தங்கச் செல்லும் அயல்நாட்டார் இத்தாலிக்குள் நுழைந்த எட்டு வேலை நாட்களுக்குள் தங்குரிமைச் சீட்டுக்கு விண்ணப்பித்தல் வேண்டும். அவ்விண்ணப்ப உறையைப் பெறுவதும் நிரப்பித் தருவதும் பெரும்பாலும் அஞ்சலகச் சாளரத்தில். அச்சாளரத்தின் பின்னிருப்பவர் ஆங்கிலம் அறிந்திருக்கக் கடமைப்பட்டவர் அல்லர். கேட்கத் தெரியாதவன் அங்கு முதல் வாரத்திலேயே ஊமையாகின்றான்.

முன்னரே அந்நாடு சென்ற பழைய மாணவர் ஒருவர் எமக்கு எழுதிய மடலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டிருந்தார். ஒரு சிற்றூர் நிலையத்திலே வட்டார இரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினார். அத்தகைய சீட்டை வண்டி ஏறுமுன் நடைமேடையருகே உள்ள சிறு பொறியிற் செருகி, நாளும் மணியும் பதிப்பித்தல் அந்நாட்டு வழக்கு. அவர்க்கு அது தெரியாது. எல்லாரும் ஒரு பொறியருகே சென்று மீள்வதைக் கண்டார். ஏதோ ஐயமும் கொண்டார். அருகே ஒரு மூதாட்டி நின்றிருந்தார். 'இச்சீட்டில் முத்திரை பதித்தல் வேண்டுமா' என்று கேட்க, 'தேவோ திம்ப்ராரே இல் பில்யேத்தோ?' என்னும் நான்கு சொற்கள் போதும். நான்கில் மூன்றை அவர் அறிந்திருந்தாராம். நான்காவது தெரியாமையால் வாய் திறக்கவில்லை. பரிசோதகர் வந்தார், தண்டம் கட்டினார். "தண்டப் பணம் போனது பெரிதன்று, ஐயா, அந்த அம்மையார் என் முகத்தைப் பார்த்து, ஏதோ உதவி வேண்டுமோ என்று நின்றார். நான் வேறுபுறம் திரும்பிக்கொண்டேன். அதுதான் இன்றும் உறுத்துகிறது" என்று எழுதியிருந்தார். நான்காவது சொல்லுக்குப் பதில் சீட்டையும் பொறியையும் சுட்டிக் காட்டியிருந்தாலும் ஆகியிருக்கும். சுட்டுவதும் வினாவே என்பதை நாம் அவர்க்குக் கற்பிக்கவில்லை.

இனி, இதே வழியை எதிர்த்திசையில் நடந்து வந்த ஒருவரை நினைவுகூர்தல் தகும். மந்தாரக்குப்பத்தினின்று மேற்கே சென்று விருத்தாசலத்தைக் கடந்து போனால், முகாசாபரூரை அடுத்துக் கோணான்குப்பம் என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ள பெரியநாயகி அன்னை கோவிலை நிறுவியவர் வீரமாமுனிவர் எனப்படும் கான்ஸ்தாந்தீனோ ஜூஸெப்பே பெஸ்கி. 1680-ஆம் ஆண்டு இத்தாலியில், மாந்தோவா நகரை அடுத்த காஸ்திலியோனேயிற் பிறந்தவர். 1710-ல் இந்தியா அடைந்து, மறுவாண்டு தமிழ்நாடு புகுந்தபோது அவர்க்கு அகவை முப்பது. தேம்பாவணியையும் தொன்னூல் விளக்கத்தையும் சதுரகராதியையும் இயற்றியவர் என்று அவரை நாம் போற்றுகிறோம், போற்றுதல் நன்றே. ஆயினும் நாம் அவரைப் பெருங்காப்பியத்தின் உச்சியிலேயே வைத்துப் பார்க்கிறோம். அவ்வுச்சிக்கு ஏறும் முன் அவர் இந்நாட்டுப் புழுதியில் நின்று, ஒரு குயவரிடமோ உழவரிடமோ, "இது என்ன? இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று ஆயிரம் முறை கேட்டிருத்தல் வேண்டும். கேளாமல் அகராதி பிறக்குமோ?

அவர் இலக்கணம் இயற்றிய வரிசையும் கருதத்தக்கது. தமக்குப் பின் வருவார்க்கென இலத்தீன் மொழியில் அவர் முதலில் எழுதியது மக்கள் பேசும் கொடுந்தமிழின் இலக்கணம். 1728-ல் எழுதப்பட்ட அது 1738-ல் தரங்கம்பாடி அச்சகத்திற் பதிப்பிக்கப்பெற்றது. அவரொடு சமய வழக்கில் முரணிய சபையாரின் அச்சகம் அது என்பதும், ஆயினும் நூலின் பயன் கருதி அவர்களே அச்சிட்டனர் என்பதும் இடையே சுவைக்கத்தக்க செய்தி. செந்தமிழ் இலக்கணம் அதற்குப் பின்னரே எழுதினார். கடைத்தெருவின் தமிழ் முன்னும் காப்பியத்தின் தமிழ் பின்னும் என்பதே அப்பேராசிரியர் புதியவர்க்கு இட்ட முறை. நாமோ அயல்மொழிகளைத் தலைகீழாகத் தொடங்குகிறோம்.

வினாவைப் பற்றிப் பேசுங்கால் அவர் நமக்குச் செய்த வேறொரு நன்மையையும் சொல்லாமல் விடுதல் இயலாது. ஓலையில் எழுதுவோர் புள்ளியிடாது விட்டமையால், எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் வடிவ வேறுபாடு காண்பது அரிதாயிருந்த காலம் அது. குறிலையும் நெடிலையும் வரிவடிவிற் பிரித்துக் காட்டும் வழக்கு அவரால் நிலைபெற்றது என்பர். 'எது' என்பதற்கும் 'ஏது' என்பதற்கும் உள்ள வேற்றுமையை நாம் இன்று ஐயமின்றி எழுதுகிறோம் என்றால், நம் வினாச் சொற்களுள்ளேயே ஓர் இத்தாலியர் கைபட்டிருக்கிறது.

அவர் பெயரால் வழங்கும் பரமார்த்த குருவின் கதையிலே மூடச் சீடர் பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று நம்பி விலை பேசி வாங்குவர். விலை கேட்கத் தெரிந்தது. 'இது என்ன' என்று கேட்கத் தெரியவில்லை. இது நிற்க.

தமிழ் பேசுவானுக்கு இத்தாலிய வினாக்கள் கடினமல்ல என்பதே எம் துணிபு. ஆங்கிலேயனைவிட நமக்கே அவை எளிய. முதலாவது, ஒலி. அம்மொழியின் தகரம் பல்லில் நாப்பொருந்தப் பிறப்பது. நம் தகரமே அது. நம் முன்னோர் 'இத்தாலி' என்று சரியாகவே எழுதினர். ஆங்கிலம் பயின்ற பின் நாம்தான் அயற்சொல்லில் தகரம் வருமிடமெல்லாம் டகரத்தை இட்டு, 'இட்டாலி' என்றும் 'ஸ்டாட்ஸியோன்' என்றும் சிதைக்கிறோம். தன் வீட்டுத் திறவுகோலைத் தூர எறிந்துவிட்டு அயலான் வீட்டுத் திறவுகோலால் பூட்டைக் குடைவது போன்றது இது. சொற்களும் பெரும்பாலும் உயிரில் முடிவன. கடைசி உயிரை விழுங்காது ஒலித்தல் நம் நாவுக்கு இயல்பு.

இரண்டாவது, ஒற்று இரட்டித்தல். கனி வேறு, கன்னி வேறு. படு வேறு, பட்டு வேறு என்பதை நம் குழந்தையும் அறியும். இத்தாலியத்திலும் 'பேனா' என்றால் வருத்தம். 'பென்னா' என்றால் எழுதுகோல். நம் சட்டைப்பையில் உள்ளது பேனா என்பதால் இங்கே தமிழன் சற்று விழிப்பாயிருத்தல் வேண்டும்! அகவை கேட்கும் வினாவாகிய 'குவாந்தி ஆன்னி ஆ?' என்பதில் னகர ஒற்றை விட்டுவிட்டால், இம்மலரிற் பொருள் எழுதத்தகாத ஒரு சொல் பிறந்து, கேட்கப்பட்டவர் நகைப்பர், அல்லது சினப்பர். இவ்வினா நேர்பொருளில் 'எத்தனை ஆண்டுகளை உடையீர்' என்பது. அம்மொழியார்க்கு அகவை ஓர் உடைமை.

மூன்றாவது, ஆம் அல்லது இல்லை என்னும் விடையை வேண்டும் வினா. ஆங்கிலத்திலே இதற்குச் சொற்களை முன்பின்னாக மாற்றல் வேண்டும். துணைவினையொன்றைத் தேடிக் கொணர்தல் வேண்டும். நம் மாணாக்கர் இடறுவது இங்கே. தமிழில் ஈற்றில் ஓர் ஆகாரம் சேர்த்தால் முடிந்தது. இத்தாலியத்திலோ அந்த ஆகாரமும் வேண்டா. 'ச்சே இல் பானே' என்று குரலைத் தாழ்த்தி முடித்தால் ரொட்டி இருக்கிறது. அதனையே உயர்த்தி முடித்தால் இருக்கிறதா. குரலின் ஏற்றமே இலக்கணம்.

நான்காவது, மரியாதை. இதனை யாம் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். ஏனெனில் நூல்கள் இதனை ஓர் இடர்ப்பாடாகக் காட்டி மாணாக்கரை அச்சுறுத்துகின்றன. ஒத்தாரையும் குழந்தையையும் 'தூ' என்பர். நம் 'நீ' அது. பெரியோரையும் புதியோரையும் 'லேய்' என்பர். இச்சொல்லுக்கு நேர்பொருள் 'அவள்'. முன்னே நிற்கும் மீசைக்காரரை 'அவள் நலமா' என்று கேட்பதா என மாணாக்கர் நகைக்கின்றனர். நகைக்குமுன் 'தாங்கள் நலமா' என்று நாம் கேட்பதை எண்ணிப் பார்க்கட்டும். தான், தாம், தாங்கள் என்பன தமிழிற் படர்க்கையைச் சார்ந்த பெயர்கள் அல்லவோ? முன்னிற்பாரை நேரே சுட்டுதல் துடுக்காகும் என்று கருதிப் படர்க்கையில் ஒதுங்கி நின்று விளிப்பதே இரு மொழியாரும் கண்ட பணிவு. 1938-ல் அந்நாட்டை ஆண்ட முசோலினியின் அரசு, 'லேய்' என்பது ஆண்மையற்ற அயல்வழக்கு என்று சொல்லித் தடைசெய்து, 'வோய்' என்னும் முன்னிலைப் பன்மையையே யாவரும் வழங்குக என ஆணையிட்டது. அவ்வரசு வீழ்ந்தது, 'லேய்' மீண்டது. 'வோய்' இன்றும் தென்னித்தாலியச் சிற்றூர்ப் பெரியோரிடை உயிரோடு உளது. ஓர் அரசினால் ஒரு சிறு மரியாதைச் சொல்லைக்கூட வேரறுக்க இயலவில்லை.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. 'ச்சாவ்' என்னும் வாழ்த்தை நம் பிள்ளைகள் திரைப்படங்களிற் கேட்டு, கண்டாரிடமெல்லாம் சொல்லுகின்றனர். அது தோழர்க்கே உரியது; அஞ்சலகத்து அலுவலர்க்கு உரியதன்று. ஆயினும் அதன் பிறப்பு வியப்புடையது. வெனிசு நகரத்தார் வழக்கில் 'உமக்கு அடிமை' என்பதினின்று தேய்ந்து வந்த சொல் அது. நம் பாட்டனார் 'அடியேன்' என்று கைகூப்பியது எதுவோ, அதுவே அங்குத் தேய்ந்து தெருப்பிள்ளைகளின் விளியாயிற்று. கடைக்குள் நுழைந்தவுடன் வினாவைத் தொடுத்தலும் அங்கே வழுவாம். முதலில் 'புவோன்ஜோர்னோ' என வாழ்த்திய பின்னரே எதனையும் கேட்டல் முறை. இதுவும் நமக்குப் புதிதன்று. புறப்பட்டுப் போகிறவரை 'எங்கே' என்று கேட்டால் சகுனம் கெடும் என்று, 'என்ன, தூரமோ?' எனச் சுற்றி வளைத்துக் கேட்கும் நாட்டார்க்கு, வினாவுக்கும் ஒரு வாசற்படி உண்டென்பதை எவர் கற்பித்தல் வேண்டும்?

தமிழர் இத்தாலியத்தைக் கடைத்தெருவிலேயே கற்றனர் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. சிசிலித் தீவின் பலேர்மோ நகரிலே 1980-களிலிருந்து ஈழத்தமிழர் குடியேறினர். போரினின்று தப்பி வந்தவர். பலர் அங்கு வீட்டு வேலையிலும் முதியோரைப் பேணும் வேலையிலும் அமர்ந்தனர். அவர்க்கு முதற்பாடம் வினைமுற்று வாய்பாடாக இருந்திராது. எங்கே நோகிறது, மருந்து எத்தனை வேளை, சம்பளம் எப்போது, பிள்ளையை எந்தப் பள்ளியிற் சேர்ப்பது என்பனவே இருந்திருக்கும். அந்நகரத்தின் காவலராகப் போற்றப்படும் புனித ரொசாலியாவின் மலைக்கோவிலுக்கு, கிறித்தவரேயன்றிச் சைவத் தமிழரும் ஏறிச் சென்று வழிபடுகின்றனர். வழி கேட்டுச் சென்றவர் ஊராராகிவிட்டனர். 'வாயிருந்தால் வங்காளம் போகலாம்' என்பது நம் பழமொழி. நாவுடையவன் உரோமுக்குப் போவான் என்பது இத்தாலியர் பழமொழி. இரு நாட்டாரும் ஒருவரையொருவர் கேளாமலே இதனைக் கண்டனர்.

இக்காலத்துக் கைப்பேசியே எம்மொழியையும் பெயர்த்து ஒலிக்குமே, பின் இவ்வளவு எதற்கு என்பார்க்கு ஒரு சொல். அக்கருவியை யாம் இகழ்கிலேம். நள்ளிரவில் மருத்துவமனையில் நிற்பவன் அதனைப் பயன்படுத்துக, உயிர் பெரிது. ஆயினும் கருவி கேட்ட வினாவுக்கு மனிதர் கருவியை நோக்கியே விடை சொல்லுகின்றனர். கேட்டவன் முகத்தை நோக்குவதில்லை. வீட்டுக்காரக் கிழவியோடு ஒரு கூரையின்கீழ் ஈராண்டு வாழவிருப்பவன், அவளிடம் வெந்நீர் எப்போது வரும் என்பதைக்கூடக் கண்ணாடிச் சில்லின் வழியாகவே கேட்பானாயின், அவள் அவனுக்கு அறையைத் தருவாள். அடுப்பங்கரையில் இடம் தருவாளோ?

வலிமையான தடை வேறொன்று உண்டு. வினாவைத் திருத்தமாகக் கேட்டுவிட்டால், விடை மடை திறந்தாற்போல் வரும், அது விளங்காது. இது மெய்யே; கேட்டவனை மீண்டும் ஊமையாக்குவது இதுவே. ஆகவே எந்த வினாவோடும் 'பியூ பியானோ, பெர் ஃபவோரே' என்பதையும் சேர்த்துக் கற்க. 'இன்னும் மெல்ல, அருள்கூர்ந்து' என்பது பொருள். 'பியானோ' என்னும் சொல்லை நம் மாணாக்கர் எல்லாரும் அறிவர். 1700-ஐ ஒட்டி ஃபிரென்ஸே நகரத்தில் கிறிஸ்தோஃபோரி என்பார் மெல்லவும் வலிக்கவும் ஒலிக்கும் இசைக்கருவி ஒன்று செய்தார். அவ்விரு சொற்களே அதற்குப் பெயராகி, பிற்காலத்தில் முற்பாதி மட்டும் எஞ்சியது.

நம் ஊர்ப்பக்கத்துக்கே வருவோம். 1956-ல் நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரிக் கழகம் தொடங்கிய நாள்முதல் எத்தனை நாட்டுப் பொறியாளர் இம்மண்ணில் நடந்தனர்! முதல் அனல்மின் நிலையம் சோவியத்து நாட்டின் துணையால் எழுந்தது; சுரங்கத்தின் பெருஞ்சக்கர வெட்டுப்பொறிகள் செருமானியருடையன; பின்னர் எழுந்த இரண்டாம் அனல்மின் நிலையத்தின் முதற்பகுதிக்கு இத்தாலிய நாட்டுச் சுழலிகள் வந்தன. மந்தாரக்குப்பத்தில் எமக்குத் தெரிந்த முதிய தொழிலாளர் ஒருவர், பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்பு, இன்றும் 'ஷ்தோ ஏத்தா?' என்று சொல்லிச் சிரிப்பார். உருசிய மொழியில் 'இது என்ன' என்பது அது. திருகு ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அந்நாட்டாரிடம் அதனைக் கேட்டுக் கேட்டே வேலை கற்றாராம். அறுபது ஆண்டுகளுக்குப் பின் அவரிடம் எஞ்சிய உருசியம் அவ்விரு சொற்களே. விடைகளெல்லாம் மறந்தன; வினா மறக்கவில்லை.

ஆதலின் யாம் வேண்டுவது இது. நமது கலாசாலையில் அயல்மொழி பயில விரும்புவார்க்கு, எம்மொழியாயினும், முதல் ஒரு திங்கள் நூல் வேண்டா. வாரத்தில் இரு மாலை, அரை நாழிகையாயினும் போதும். முதல் நாளே இரண்டு வினாக்கள்: இது என்ன என்னும் 'கே கோஸே குவேஸ்தோ?', இதனை இத்தாலியத்தில் எப்படிச் சொல்வது என்னும் 'கோமே ஸி தீச்சே இன் இத்தாலியானோ?'. ஏனைய சொற்களையெல்லாம் இவ்விரண்டும் தாமே ஈட்டிக் கொணரும். ஆசிரியர் அவ்வரை நாழிகையில் அறிவினா ஒன்றும் கேட்டலாகாது, கேட்பவர் மாணாக்கரே. திங்களிறுதித் தேர்விலும் விடைக்கு மதிப்பெண் இல்லை. அறியாத ஒன்றை அறியக் கேட்ட வினாவுக்கே மதிப்பெண். இதனால் ஒழுங்கு குலையும் என்று எம் தோழராகிய ஆசிரியர் சிலர் அஞ்சுகின்றனர். இரண்டொரு நாள் குலையட்டும். ஆசிரியர் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதனை எழுத்து வடிவில் வைக்க எண்ணியுள்ளோம். பழைய மாணவர்களுள் இத்தாலியில் இருப்போர் தாம் முதல் வாரத்திலே கேட்கத் தெரியாது விழித்த வினாக்களை எமக்கு எழுதியனுப்பினால், அவையே எம் பாடநூலாகும்.

தேநீர்க் கடையில் அன்று நேர்ந்த ஒன்றை எழுத மறந்தோம். பேருந்து வந்து நின்றபோது அவ்வடநாட்டு இளைஞன் அதன் நெற்றிப் பலகையை எழுத்துக்கூட்டிப் பார்த்து, எம்மை நோக்கி, "அண்ணா, மந்தாரக்குப்பம். மந்தாரம், என்னா?" என்றான். யாம் தமிழாசிரியர், மந்தாரை ஒரு பூமரம் என்று சொல்லிவிட்டோம். "இங்க எங்க இருக்கு?" என்றான். எமக்குத் தெரியவில்லை. கடைக்காரரைக் கேட்டோம். அவர் பலகாரம் போட்டுக்கொண்டிருந்த தம் தாயாரைக் கேட்டார். அந்த அம்மையார் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, எதிர்ப்புறத்துச் சந்தைச் சுவரைக் காட்டி, "அந்தப் பக்கம் ஒண்ணு இருந்துச்சே, வெட்டிட்டாங்களா?" என்று எம்மையே கேட்டார். வண்டி புறப்பட்டுவிட்டது. இளைஞன் அதில் ஏறவில்லை. நம் மாணவரை அழைத்துக்கொண்டு மரம் தேடச் சாலையைக் கடந்து போனான்.